எலிக்காவலுக்கு ஜிபியுவா, மூளைச் சிப்பா?

மன்னார்குடிப் பக்கம் சித்தப்பா வயலில் சம்பா பால் பிடிக்கும் சமயத்தில் எலி வெட்டு தாங்க முடியாது. ராத்திரி முழுக்க வரப்பில் ஒரு கேமரா விழித்திருந்து, எலி வந்தால் மட்டும் தகவல் சொல்ல வேண்டும். அங்கே கரண்ட் கிடையாது, சின்ன சோலார் தகடுதான். எந்தச் சிப்பை வைப்பது?

ஒரே நேரத்தில் பல கணக்குகளைப் போடும் வழக்கமான சிப்பான ஜிபியுவில் நினைவகம் ஒரு பக்கம், கணக்குப் போடும் பகுதி ஒரு பக்கம். களம் ஓர் ஊரில், ரைஸ் மில் வேறு ஊரில் என்றால் அரைக்கிற கூலியை விட வண்டிக் கூலி கூடிப்போகும் அல்லவா, அந்தக் கதைதான். என்விடியா நிறுவனத்தின் பெரிய ஜிபியுவான எச்100 ஒன்றே 700 வாட் வரை இழுக்கும். அதே நிறுவனத்தின் சிறிய ஜிபியு பலகையான ஜெட்சன் நானோவுக்கும் 5 முதல் 10 வாட் வேண்டும். நம் மூளை மொத்தத்துக்கும் சுமார் 20 வாட் போதும்.

மூளையைப் பார்த்துச் செய்த நியூரோமார்ஃபிக் சிப் வேலை செய்யும் விதம் டெல்டாக்காரர்களுக்கு உடனே புரியும். ஒரு வயலில் தண்ணீர் ஏறி ஏறி, வாய்மடை மட்டத்தைத் தொட்டதும் அடுத்த வயலுக்கு வழிகிறது. அதுவரை அடுத்த வயல் சும்மா இருக்கிறது. மூளையின் நரம்புச் செல்லைப் போலச் செய்த செயற்கை நியூரானும் அப்படித்தான். வரும் மின்துடிப்புகளைச் சேர்த்து வைத்து, வரம்பு தாண்டியதும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. நினைவும் கணக்கும் அருகருகே. ஐபிஎம் 2014இல் காட்டிய ட்ரூநார்த் என்ற இவ்வகைச் சிப்பில் 10 லட்சம் நியூரான்கள்; செலவு சுமார் 70 மில்லிவாட். மாற்றம் நடந்த புள்ளியை மட்டும் அனுப்பும் நிகழ்வுக் கேமராவை இதோடு சேர்த்தால், அசையாத வயலுக்குச் செலவே மிகக் குறைவு.

இதிலும் இரண்டு வகை. ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தின் பிரெயின்ஸ்கேல்ஸ் அனலாக், அதாவது 0, 1 என்று எண்ணாமல் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தாலேயே வேலை செய்வது. அசுர வேகம், ஆனால் சுற்றுக்குச் சுற்று சிறு வேறுபாடு இருப்பதால் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். வரப்புக்கு இன்டெலின் லோய்ஹி போன்ற டிஜிட்டல் வகையே பொருந்தும் என்பேன். அதுவோ பெரும்பாலும் ஆய்வாளர்கள் கைக்கே போகிறது.

எலியை அடையாளம் காணப் பயிற்சி கொடுப்பதில் ஜிபியுதான் மேல். துடிப்பு என்பது உண்டு அல்லது இல்லை என்பதால், பிழையைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத் திருத்தும் வழக்கமான பயிற்சி முறை மூளைச் சிப்பில் நேராக ஓடாது.

சரி, இந்த சம்பாவுக்கு? ஜெட்சனைத் தூங்க வைத்து, உடல் சூட்டை உணரும் ஒரு பிஐஆர் சென்சாரை வரப்பில் நட்டு, அது எழுப்பினால் மட்டும் விழிக்கும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன்.