சைய்யாவா, தையாவா: மலை ரயில் பாட்டின் இரண்டு வடிவங்கள்

நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் படமாக்கிய அந்தப் பாட்டை நம் ஊர் மேடையில் பாடுவதென்றால் முதல் கேள்வியே இதுதான்: இந்தியிலா, தமிழிலா? 1998இல் 'தில் சே' படத்துக்குக் குல்சார் எழுதி, சுக்விந்தர் சிங்கும் சப்னா அவஸ்தியும் பாடிய 'சைய்யா சைய்யா' அசல். படம் 'உயிரே' என்று தமிழுக்கு வந்தபோது வைரமுத்து அதை 'தையா தையா' என்று எழுதினார். சுக்விந்தரோடு மால்குடி சுபாவும் பாலக்காடு ஸ்ரீராமும் பாடினார்கள். இசை ஒன்றே, ஏ.ஆர்.ரகுமானுடையது.

நல்ல டோலக்கும் உடன்பாட ஆறேழு பேரும் இருந்தால் தமிழ் வடிவத்தை எடுங்கள். கரோக்கி டிராக்கை, அதாவது குரல் இல்லாத இசைப்பதிவை, மட்டும் நம்பிப் பாடுவதென்றால் இந்தி பாதுகாப்பு. காரணம் முதல் எழுத்திலேயே இருக்கிறது.

இந்தியில் 'சைய்யா' என்பது நிழல். அதன் முதல் ஒலி நம் 'சோறு'வின் சகரம் அல்ல. 'அச்சம்' என்பதில் கேட்கும் வல்லின ஒலி, அதோடு ஒரு மூச்சுக் காற்று. தமிழ் நாக்குக்கு இது பழக்கமில்லாததால் வேகத்தில் 'ஸையா' ஆகிவிடும். ஆனால் அந்த உச்சரிப்பு இந்தியில் காதலனைக் குறிக்கும். நிழலில் நடக்கச் சொல்லும் பாட்டு காதலனைக் கூப்பிடும் பாட்டாகிவிடுகிறது. ராணுவக் குடும்பங்கள் நிறைந்த, குன்னூரை அடுத்த வெலிங்டன் அரங்கில் இந்தப் பிழை முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பழகும்போது உதட்டுக்கு நான்கு விரல் தள்ளி ஒரு மெல்லிய தாள் துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 'சை'க்கும் தாள் துடிக்க வேண்டும். அந்தக் காற்று மைக்கில் 'புஸ்' என்று விழாதிருக்க மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

தமிழின் 'தையா'வில் தாள் அசையக் கூடாது. நாக்கு பல்லைத் தொட்டு விலகுவதோடு சரி. குல்சாருக்கு மூலமான, பஞ்சாபி சூஃபிக் கவி புல்லே ஷாவின் பாட்டில் வருவதும் இந்த ஆட்டச் சொல்தான், தகரத்தில் சற்று மூச்சு சேர்ந்து. குல்சார் அதை நிழலாக்கினார். தமிழில் அது மறுபடி ஆட்டமாகிவிட்டது. நட்டுவாங்கத்தில் 'தா தை' கேட்டுப் பழகிய காதுக்கு இதற்குப் பொழிப்புரை வேண்டாம். தமிழ் வடிவத்தை வெறும் டப்பிங் பாட்டு என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

தமிழிலும் சறுக்கும் இடம் உண்டு. வேகம் கூடும்போது யகரம் தேய்ந்து 'தயா தயா' என்று கருணை கேட்பதாகிவிடும். 'தை'யில் அழுத்தம் கொடுத்து, 'ய்'யில் அரை மாத்திரை நின்று, பிறகு 'யா'வுக்குப் போக வேண்டும். முதல் வாரம் பாதி வேகத்தில், கைத்தாளத்தோடு மட்டும் பழகினால் இது படிந்துவிடும்.

'தை'யின் தகரம் வெடித்து விழும் ஒலி. அது டோலக்கின் அடியோடு ஒரே கணத்தில் சேர்ந்தால் ஆறு பேர் பாடுவது இருபது பேர் பாடுவதுபோல் கேட்கும். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தினால் ஓட்டில் கல் விழுந்ததுபோல் சிதறும். 'சை'யின் காற்று இந்த முன்பின்னைக் கொஞ்சம் மூடிவிடும். ஒத்திகைக்கு நேரமில்லாத குழுவுக்கு இந்தியைச் சொல்வது இதனால்தான்.

பெண் குரலில் வித்தியாசம் இன்னும் பெரிது. சப்னா அவஸ்தியுடையது வடநாட்டு நாட்டுப்புறக் குரல். மூக்கொலி கலந்து கூர்மையாக எழும். மால்குடி சுபாவுடையது நெஞ்சிலிருந்து வரும் தடித்த குரல். சுருதியை அரைக்கட்டை இறக்கினால் சப்னாவின் கூர்மை மங்கிவிடும், சுபாவின் கனம் கூடும்.

மலையில் இறக்க வேண்டியும் வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து மாலையில் பாடுகிறவருக்கு நீண்ட உச்ச வரிகளில் மூச்சு போதாது. முடிந்தால் முந்தைய நாளே வந்துவிடுவது நல்லது.

மற்றபடி, படத்தோடு சேர்த்துத் திரையிட்டு ஆடுவதானால் இந்திதான் பொருந்தும். வாயசைவு அதற்கே எடுத்தது. 2006இல் ஸ்பைக் லீயின் 'இன்சைட் மேன்' படத்துக்குப் பஞ்சாபி எம்.சி.யின் ராப் சேர்த்து வந்த வடிவம் நடனத்துக்கு ஆகும், மேடையில் பாட ஆகாது.

எந்த வடிவமானாலும் மதியம் பார்த்த சுருதியை இரவு ஏழு மணிக்கு நம்ப வேண்டாம். பனி இறங்கினால் டோலக்கின் தோல் ஈரம் குடித்துத் தளரும். 'டங்' என்பது 'டப்' ஆகும். கம்பி வாத்தியம் குளிரில் இறுகிச் சுருதி ஏறும், புல்லாங்குழல் இறங்கும், கீபோர்டு அசையாது. எனவே கீபோர்டை வைத்தே மற்றதைச் சேர்க்க வேண்டும். புல்லாங்குழலை வாசிக்கும்வரை சால்வைக்குள் சூடாக வைத்திருங்கள். போல்ட் வைத்த டோலக்கானால் எதிரெதிர் போல்ட்டாகக் கால் சுற்று மட்டும் முறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் வளையம் கோணி, சுருதியே நிற்காது. கயிறு கட்டியதானால் குண்டு பல்புக்கு ஒரு முழம் தள்ளிப் பத்து நிமிடம் வைத்து, பாட்டுக்கு முந்தைய அறிவிப்பின்போது மேடைக்குக் கொண்டுவந்தால் போதும்.