செடி பேர் சொல்ற ஆப்: பூ இருந்தா பாஸ், இலை மட்டும்னா டவுட்டுதான்

போட்டோ எடுத்தா செடி பேர் சொல்ற ஆப் ஒண்ணு மூணு மாசமா யூஸ் பண்றேன். எந்த ஆப்னு சொல்லல, விடுங்க. இறக்கினதே பார்த்தீனியம்ங்கற விஷக் களைச்செடிக்காகத்தான். போன தடவை சாதாரணக் களைன்னு நினைச்சு வெறுங்கையால பிடுங்கிட்டு ரெண்டு நாள் முழங்கை வரைக்கும் தடிச்சு ஒரே அரிப்பு, அப்புறம்தான் அதுல பார்த்தீனின்னு ஒரு நச்சு இருக்குன்னே தெரிஞ்சுது.

பூத்த செடின்னா ஆப்பை தாராளமா நம்பலாம். பூ சுமாரா 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், வெள்ளையா, ஜூம் பண்ணா ஓரத்துல அஞ்சு மூலை மட்டும் வெளிய தள்ளிட்டு நிக்கும், அதை வச்சு டக்குனு பிடிச்சிடுது.

பிரச்சனை சின்னச் செடிலதான். தரையோட ஒட்டி வட்டமா இலை விரிச்சுக் கிடக்குமே அந்த ஸ்டேஜ்ல ஒரே செடியை நாலு ஆங்கிள்ல எடுத்தேன், முதல்ல கேரட்டுன்னுச்சு, அப்புறம் செண்டுமல்லி, அப்புறம் ராக்வீட்னு இன்னொரு களை, நாலாவதுலதான் பார்த்தீனியம்! இலை அச்சு அசல் கேரட் மாதிரியேதான் இருக்கு, முழுசா திட்டவும் மனசு வரல. (கேரட்டான்னு பார்க்க இலையைக் கசக்கி மோந்து பார்க்கத் தோணும், வேணவே வேணாம்.) ஆனா பிடுங்க வேண்டியதே அந்த ஸ்டேஜ்லதானே, விட்டா ஒரு செடியே 10,000 விதைக்கு மேல கொட்டிடும், பூத்தப்புறம் வந்து கரெக்டா பேர் சொல்லி என்ன பிரயோஜனம்.

இப்போ கொஞ்சம் வளர்ந்த செடின்னா நானே தண்டைப் பார்த்துக்கறேன். நீளவாக்குல வரிவரியா மேடு ஓடும், மேல பொடி வெள்ளை முடி இருக்கும். செண்டுமல்லி இலைன்னா ஓரம் ரம்பப் பல் மாதிரி இருக்கும், இதுல அவ்வளவு ஒழுங்கா இருக்காது. ஆப் இதுல ஒண்ணையும் சொல்லாது, பேரும் பர்சென்டேஜும் மட்டும்தான்.

இன்னொரு கடுப்பு, தோல்ல பட்டா அலர்ஜி வரும்ங்கற எச்சரிக்கையை பக்கத்தோட அடியில கொண்டு போய் வச்சிருக்காங்க, மேல பூரா பணம் கட்டச் சொல்லி பாப்-அப். அதுக்கே ஒரு ஸ்டார் கட்.

5க்கு 3 குடுக்கறேன். இறக்கறவங்க ஒண்ணு பண்ணுங்க, எல்லாச் செடியையும் முதல்ல போட்டோ எடுத்து முடிச்சிட்டு அப்புறமா க்ளவுஸ் மாட்டுங்க. க்ளவுஸோட ஸ்கிரீன் தொட்டா வேலை செய்யல, நான் அதுக்காகக் கழட்டிக் கழட்டி மாட்டினதுல மறுபடியும் கட்டைவிரல் அரிக்குது.