எச்சரிக்கை: பில்லில் எபொக்சி, குழாயில் கடல் மணலும் பட்டியும்

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் உருக்குச் சாமான்களை மணல் அடித்து (அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சிக் கறளைச் சுரண்டி) பெயின்ட் பண்ணக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வள்ளத்தின் எஞ்சின் தாங்கியோ வீட்டு கேட்டோ, எங்களுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கலாம். எங்களுடையது ஆள் ஏறிப் பறக்கும் சாமான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நானும் மருமகனும் கல்லடியில், வீட்டோடு சேர்ந்த கொட்டிலில், இரண்டு பேர் இருக்கக்கூடிய சிறிய விமானம் ஒன்று கட்டுகிறோம். (பறப்பதற்கு சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அது தனி வேலை, முறைப்படி நடக்கும்.) உடற்சட்டம் முழுக்க 4130 குரோமொலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த) உருக்குக் குழாய். பெரும்பாலான குழாய்களின் சுவர்த் தடிப்பு 0.9 மில்லிமீற்றர்தான். கேட் கம்பியைக் கறள் கால் மில்லிமீற்றர் தின்றால் ஒன்றும் ஆகாது. இந்தக் குழாயில் அது சுவரின் கால்வாசிக்கு மேல். அதுவும் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று இருக்கிற இடத்தில்.

அதனால் எந்தப் பூச்சு என்பதை நிறைய யோசித்தோம். பழைய விமானங்களின் போல்ட் போன்ற உருக்குப் பாகங்களுக்குக் கட்மியம் முலாம்தான் வழக்கம். நல்ல காப்பு, ஆனால் நச்சு. உருகிய நாகத்தில் (துத்தநாகத்தில்) தோய்ப்பது சுமார் 450 பாகை செல்சியஸ் வேலை, பாரமும் கூடும், மூடிய குழாய்க்குள் காற்றோ ஈரமோ அடைபட்டால் வெடிக்கும். பவுடர் கோட்டிங் பார்க்க வடிவு. ஆனால் தடித்த பூச்சு என்பதால் வெல்டிங் மூட்டில் விழும் மயிரிழை வெடிப்பை மறைத்துவிடும். ஓரிடத்தில் பெயர்ந்தால் அடியால் கறள் ஓடும். கடைசியில் மணல் அடித்துச் சுத்தம் செய்து, இரண்டு பாக எபொக்சி பிரைமர் (கடினமாக்கி கலந்து அடிக்கும் அடிப்பூச்சு), அதற்கு மேல் வெளிர் நிறப் பொலியூரெத்தேன் பெயின்ட் என்று முடிவெடுத்தோம். வெளிர் நிறத்தில் வெடிப்பும் கறள் கோடும் உடனே கண்ணில் படும்.

கரையோர ஊர் ஒன்றில் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பேசியதை எழுதியும் வாங்கினோம்: உப்பில்லாத கார்னெட் மணல் (கடினமான கனிமத் துகள்), அடித்த அன்றே எபொக்சி பிரைமர். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்கக் கேட்டோம். “தூசி ஐயா, உள்ள வராதீங்க” என்று வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். திருப்பித் தரும்போது எல்லாம் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. பில்லில் எபொக்சியின் விலை முழுசாகப் போடப்பட்டிருந்தது, நாங்களும் முழுசாகக் கட்டினோம்.

வாடைக்காற்றும் மழையும் தொடங்கியதும் கீழ்ப்பக்க மூட்டுகளில் கொப்புளம் எழும்பியது. மருமகன் துணியில் தின்னர் நனைத்துத் தேய்த்தான். பூச்சு அப்படியே கரைந்து துணிக்கு வந்தது. வடிவாக இறுகிய இரண்டு பாக எபொக்சி இப்படிக் கரையாது. அடித்திருந்தது கடையில் கிடைக்கும் மலிவான ஒரு டின் பிரைமர். இன்னும் தேய்த்தால், அடியில் கறள் குழிகளைப் பட்டி (குழி அடைக்கும் பசை) வைத்து நிரவியிருக்கிறார்கள். விமானக் குழாயில் பட்டி! குழி இருந்தால் அந்தக் குழாயை வெட்டி மாற்ற வேண்டும். மறைத்துவிட்டால் நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

தெரிந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வந்து, வெறும் உருக்கைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, அந்த நீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விட்டார். பால் போல வெண்மையாகக் கலங்கியது. குளோரைட்டு, அதாவது உப்பு. பிறகு பட்டறைக்குப் போனபோது பின்பக்கம் மணல் குவியலைப் பார்த்தேன். அதில் சிப்பித் துண்டுகள் கிடந்தன. கடற்கரை மணல். பெயின்டுக்கு அடியில் உப்பு மாட்டினால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எதை அடித்தாலும் கொப்புளம்தான். அங்கே வேலை செய்யும் பொடியன்கள் முகத்தில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு அந்த மணலை அடிக்கிறார்கள். சிலிக்காத் தூசி நுரையீரலைத் தின்னும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதையெல்லாம் விட மோசமானது வால்சக்கரத்தின் பட்டை ஸ்பிரிங். அதற்கு ஒன்றும் செய்யச் சொல்லவே இல்லை. சட்டத்தோடு சேர்ந்து போனது. “சும்மா கிடந்தது, அதையும் போட்டுத் தந்திருக்கிறம்” என்று அமிலத்தில் கழுவி நாக முலாம் போட்டிருந்தார்கள். கடினமான ஸ்பிரிங் உருக்கை அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் போட்டால் ஐதரசன் உள்ளே போய்விடும். முலாம் முடிந்து சில மணி நேரத்துக்குள், வழக்கமாக நாலு மணி நேரத்துக்குள், அதைச் சுமார் 190 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி அந்த ஐதரசனை வெளியேற்ற வேண்டும். செய்யாவிட்டால் உருக்கு வளையாது, சொல்லாமல் ஒடியும். அதுவும் பூட்டி இறுக்கிய பிறகு, பாரம் இருக்கும்போது. எங்களுடையது கொட்டிலில், தாங்கியில் நின்ற பாரத்திலேயே இரவில் ஒடிந்தது. காலையில் பார்த்தால் இரண்டு துண்டு. இதுவே ஓடுபாதையில் நடந்திருந்தால்?

முதலாளியிடம் கேட்டேன். “ஐயா, நாங்க வள்ளத்துக்கும் இதைத்தான் அடிக்கிறம், ஒருத்தரும் குறை சொல்லல்ல” என்றார். சூடாக்கினீர்களா தம்பி என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. காசு தர மாட்டாராம், வேண்டுமானால் திரும்ப ஒரு கோட் அடித்துத் தருவாராம். அதே மணல், அதே டின். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பில்லையும் எழுதி வாங்கிய தாளையும் படங்களையும் வைத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறோம்.

நீங்கள் கொடுப்பதானால் மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள். எபொக்சி என்றால் இரண்டு டின் இருக்க வேண்டும், பிரைமர் ஒன்று, கடினமாக்கி ஒன்று. கண் முன்னாலே கலக்கச் சொல்லுங்கள். காற்றில் ஈரப்பதன் 85 வீதத்துக்கு மேல் இருந்தால் அடிக்க விடாதீர்கள், மழை நாளில் எங்கள் பக்கம் அதைத் தாண்டுவது சாதாரணம். சாமானை எடுக்கும்போது மறைவான ஒரு மூலையில் தின்னர் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். தேய்க்க விடாவிட்டால் அங்கே வேலை கொடுக்காதீர்கள். ஸ்பிரிங், கடினப்படுத்திய போல்ட் எதையும் சட்டத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டாம்.

இப்போது சட்டம் முழுவதையும் உரித்து, நல்ல தண்ணீரால் கழுவி, ஒவ்வொரு குழாயாகத் தடிப்பு அளந்துகொண்டிருக்கிறோம். கீழ்ப்பக்கம் சிலதை வெட்டித்தான் ஆக வேண்டும். கார்னெட் பாவித்து, பக்கத்தில் நிற்க விடுகிற பட்டறை இந்தப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.