பழைய பாய்மரப் படகு காற்றைத் தாங்குமா? மும்பையில் பல சீசன் ஓட்டிய அனுபவம்

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் என்று மூலைக்கு ஒருவராக இருக்கும் நான்கு தமிழர்கள் சேர்ந்து வாங்கிய படகு இது. 1978-ல் ஃபைபர்கிளாஸில் வார்த்தது, 31 அடி, நீளமான கீல் (படகின் அடியில் ஓடும் கனமான முதுகெலும்பு). கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதிரே மூரிங்கில், அதாவது கடலிலேயே கட்டிப்போடும் இடத்தில் கிடக்கும். மழைக்காலத்துக்கு முன் கரையேற்றி, மழை விட்டதும் இறக்குவோம். பழைய படகு வாங்க நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, காற்று ஏறினால் இது தாங்குமா என்றுதான். படகின் உடம்பு நன்றாகவே தாங்குகிறது. அதில் பொருத்தியிருப்பவற்றைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

இங்கே பெரிய புயலுக்குள் யாரும் பொழுதுபோக்குக்காகப் போவதில்லை. எங்களுக்கு வாய்க்கும் கடுமையான கடல் துறைமுக வாயிலில்தான். பௌர்ணமி, அமாவாசை சமயத்தில் மும்பையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீரும் வெளியேறும் நேரத்தில் பிற்பகல் காற்று எதிரே வந்தால், ப்ராங்ஸ் கலங்கரை விளக்கத்தைத் தாண்டியதும் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். அகலமான, எடை குறைந்த புதிய படகுகள் அதில் அலைக்கு அலை தொம்மென்று அடிவாங்கும், பல்லே கிட்டிவிடும். எங்கள் படகு கனம் என்பதால் அலையைக் கிழித்துக்கொண்டு நிதானமாக ஏறி இறங்கும். சுக்கானைப் பிடிப்பவருக்குக் கை வலிக்காது. உள்ளே ஆடும் அடுப்பில் டீ போட முடிகிறது. களைக்காத ஆள்தான் சரியான நேரத்தில் பாயைச் சுருக்குவான் என்பதால் இதையும் பாதுகாப்பில்தான் சேர்ப்பேன்.

கவிழ்வதைப் பற்றியும் பேச வேண்டும். இங்கிலாந்தில் தொடங்கும் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தில் 1979-ல் 303 படகுகள் கிளம்பின; நடுவழியில் புயல் அடித்ததில் போட்டியாளர்கள் 15 பேர் இறந்தார்கள். ஆட்கள் விட்டுவிட்டு இறங்கிய படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை 5-தான், மற்றவை பிறகு மிதந்தபடியே கிடைத்தன. அதன்பின் சவுத்தாம்ப்டனில் மாதிரிப் படகுகளை வைத்துத் தொட்டியில் சோதித்தார்கள். உடைந்து விழும் அலையின் உயரம் படகின் நீளத்தில் சுமார் 30 சதவீதம் இருந்து, பக்கவாட்டில் அடித்தால் படகைச் சாய்த்துவிடும். 60 சதவீதம் இருந்தால் முழுக்கப் புரட்டிவிடும். எங்கள் 31 அடிக்கு 30 சதவீதம் என்பது ஏறக்குறைய 3 மீட்டர் அலை. பழையதோ புதியதோ, சிறிய படகு எதற்கும் இதில் விதிவிலக்கு கிடையாது.

புரண்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்தப் பந்தயத்தின் மிகச் சிறிய பிரிவில் கடைசிவரை ஓடி முடித்த ஒரே படகு காண்டெஸா 32 என்ற மாடல். குறுகிய உடல், அடியில் கனம். சுமார் 155 டிகிரி வரை சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும் என்கிற கணக்கு அதற்கு உண்டு. வாங்கப் போகிறவர்கள் போட்டுப் பார்க்கும் எளிய சூத்திரம் ஒன்று இருக்கிறது: எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் படகின் அகலத்தை (அடியில்) வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே வந்தால் நல்லது. 9.5 அடி அகலம், 9,500 பவுண்டு உள்ள காண்டெஸாவுக்கு 1.8 வரும். ஆனால் எடை அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்பதை இந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

மும்பைக்காரர்களுக்கு சுஹைலியைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 32 அடி தேக்குப் படகு, இதே ஊரில் கட்டியது. அதில்தான் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69-ல் தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி முடித்தார், 312 நாட்களில். வழியில் பலகை இடுக்கு ஒழுகியபோது கடலில் குதித்து, நீருக்கடியில் பஞ்சு அடைத்துச் செப்புத் தகடு அடித்தார். அதே வடிவில் கோவாவில் கட்டிய துரியா என்ற படகில் 2018-ல் உலகைச் சுற்றும் பந்தயத்துக்குப் போன இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தென் இந்தியப் பெருங்கடலில் புரண்டு, பாய்மரம் முறிந்து, முதுகில் அடிபட்டார். ஆள் வந்து மீட்கும்வரை படகு மிதந்துகொண்டுதான் இருந்தது.

எங்கள் படகுக்கு வருகிறேன். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகள் செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டைகளில் முடிகின்றன. ஒரு மழைக்காலத்தில் அவற்றைக் கழற்றி, குர்லாவில் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். டெக்குக்கு (மேல்தளத்துக்கு) மேலே கண்ணாடி மாதிரி பளபளப்பு. டெக்குக்குள் புதைந்திருந்த இரண்டு அங்குலத்தில் மட்டும் பழுப்புக் கறை. அண்ணாச்சி அதைத் துடைத்து, கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். நகம் மாட்டியது. “தம்பி, இதுல மயிரிழை விரிசல் விட்டிருக்கு. மேல பாத்து ஏமாந்துராதீய” என்றார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் காற்று படவேண்டும். ஈரம் தேங்கி மூச்சு முட்டுகிற இடத்தில் அது அரித்துவிடும். அந்தப் பட்டை ஒரு பலத்த காற்றில் விட்டிருந்தால் பாய்மரமே போயிருக்கும். எல்லாவற்றையும் புதிதாகச் செய்தோம், கம்பிகளையும் மாற்றினோம்.

அடுத்தது டீசல் டேங்க். அமைதியான கடலில் அடியிலேயே படிந்து கிடக்கும் பழைய கசடு, ஆட்டத்தில் கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாண்ட்வாவிலிருந்து திரும்பும்போது இன்ஜின் அப்படித்தான் நின்றது. பாய் ஏற்றியே இருந்ததால் பதற்றமில்லாமல் வந்து சேர்ந்தோம். டேங்கைத் திறந்து கழுவி, இரட்டை ஃபில்டர் போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. வாசல் பலகைகள் புரண்டால் கழன்று விழாதபடி தாழ்ப்பாள் வைத்ததும் அதே வருஷம்தான்.

குறைகளும் உண்டு. காற்றை எதிர்த்துப் போகும்போது மெதுவாகத்தான் போகும், சுக்கான் இருக்கும் திறந்த காக்பிட்டில் இருப்பவர் நனைந்தே தீர வேண்டும், ரிவர்ஸில் நாம் நினைத்த பக்கம் திரும்பவே திரும்பாது. டெக்கின் இரண்டு ஃபைபர்கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பால்ஸா மரத்தில் தண்ணீர் இறங்கி ஊறிய இடங்களை இன்னும் வெட்டி ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். படகின் விலைக்கு நிகரான பணத்தை முதல் சில ஆண்டுகளிலேயே செலவழிக்கத் தயாராக இல்லாதவர்களுக்கு பழைய படகு வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். தயார் என்றால், பார்க்கப் போகும் அன்றே ஒரு செயின்பிளேட்டையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்கிறவரிடம் விலை பேச வேண்டாம், அடுத்த படகைப் பாருங்கள்.