ஏர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் சைட்: படிக்க செம, தீசிஸ்ல மேற்கோள் காட்ட வேணாம்

டெகார்ட், ஸ்பினோசா, லாக்னு அந்தக் கால ஐரோப்பிய தத்துவவாதிகள் மேல பிஎச்டி பண்றவங்களுக்கு இந்த சைட் ஒரு வரம்னே சொல்லலாம். ஜோனதன் பென்னெட்னு ஒரு ஃபிலாசஃபி புரொஃபசர், ரிடையர் ஆனப்புறம் பொறுமையா உக்காந்து 17, 18ஆம் நூற்றாண்டு நூல்களை இன்னிக்கு படிக்கிற மாதிரி இங்கிலீஷ்ல மாத்திப் போட்டிருக்காரு, எல்லாம் பிடிஎஃப், பைசா செலவில்ல. லாக் ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சா முடிக்கவே மாட்டாரு, இவரு அத உடைச்சு உடைச்சுக் குடுக்குறாரு. தானா சேத்த வார்த்தைக்கு ரெண்டு பக்கமும் குட்டிப் புள்ளி, சின்னதா எதையாவது விட்டிருந்தா நாலு புள்ளி, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. பொஹீமியா இளவரசி எலிசபெத் டெகார்ட்ட மடக்கி மடக்கி கேள்வி கேக்குற கடிதங்களும் இருக்கு, அத விட்றாதீங்க (மனசு எப்படிங்க உடம்ப அசைக்கும்னு 1643லயே கேட்டுட்டாங்க!).

கோர்ஸ்வொர்க்குக்கு, கிளாஸ் எடுக்க இது தாராளமா போதும். ஆனா தீசிஸ்னு வந்துட்டா கதையே வேற, மூல மொழியில இருக்குற ஸ்டாண்டர்ட் பதிப்பத்தான் கேப்பாங்க, டெகார்ட்டுக்கு ஆடம்-டானரி பதிப்போட பக்க எண், ஸ்பினோசாவுக்கு கெப்ஹார்ட் பதிப்புன்னு, லத்தீன் கத்துக்காம தப்பிக்க முடியாது. பக்கத்துல மூலத்தையும் திறந்து வச்சுக்கிட்டுப் படிங்க. அஞ்சுக்கு நாலரை.