ஐ.டி.யா, ஜே.ஓ.எஸ்.எம்.மா: நம்ம தெருவை வரைபடத்தில் ஏற்ற எது வசதி?

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தங்கள் தெருவைச் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது, ஐ.டி. (iD), ஜே.ஓ.எஸ்.எம். (JOSM) என்ற இரண்டு வரைபடத் திருத்தி மென்பொருள்களில் எதை எடுப்பது என்பதில்தான். 2015 வெள்ளத்தில் சென்னையின் நீர் தேங்கிய தெருக்களை மக்கள் குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். அதனால் உழைப்பு வீண் போகாது.

செலவு: இரண்டும் இலவசம். பேச்சு முடிந்தது.

தொடங்க: ஐ.டி. உலாவியிலேயே திறக்கும், புதியவருக்கான பயிற்சியும் உள்ளேயே உண்டு. ஜே.ஓ.எஸ்.எம். ஜாவாவில் எழுதியது, கணினியில் நிறுவ வேண்டும். முதல்முறை திறந்தால் விமானி அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

வேகம்: உண்மையான வித்தியாசம் இதில்தான். மயிலாப்பூர் மாதிரி வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில், ஐ.டி.யில் மூலை மூலையாகச் சொடுக்கி, பிறகு 'கியூ' விசையை அழுத்தி மூலைகளைச் செங்கோணமாக்க வேண்டும். ஜே.ஓ.எஸ்.எம்.மில் 'பில்டிங்ஸ் டூல்ஸ்' செருகுநிரலைப் போட்டுக்கொண்டால், ஒரு பக்கத்தை இழுத்து அகலத்தை விரித்தாலே செவ்வகம் தயார். நாற்பது வீடு வரைந்தபின் மணிக்கட்டே சொல்லிவிடும் எது மேல் என்று!

இணையம்: ஜே.ஓ.எஸ்.எம்.மில் வேண்டிய பகுதியை இறக்கிவிட்டால், இணைப்பு போனாலும் வேலை ஓடும், பிறகு ஏற்றலாம். ஐ.டி.க்கு இணைப்பு இருந்தாக வேண்டும்.

பிழை: ஏற்றுமுன் இரண்டுமே எச்சரிக்கும். ஜே.ஓ.எஸ்.எம். கொஞ்சம் கறாரான வாத்தியார்.

புதிய டீக்கடை, மெட்ரோ வேலைக்காக மாறிய ஒருவழிப் பாதை என அவ்வப்போது திருத்துபவருக்கு ஐ.டி. தாராளம். ஒரு வார்டையே வரைய உட்காருபவர், ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து ஜே.ஓ.எஸ்.எம். பழகிக்கொள்ளலாம்.