கடைசி மாதங்களில் எங்கே வைத்துப் பார்ப்பது: ஹாஸ்பிஸா, வீடா?

"இனி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க." முற்றிய புற்றுநோயோடு இருப்பவரின் குடும்பம் டாக்டர் வாயால் இதைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது கையில் ஒரு ஃபைலும் மாத்திரைச் சீட்டும்தான் இருக்கும். அதன் பிறகு எங்கே போவது? ஹாஸ்பிஸில், அதாவது இனி குணமாக்க முடியாதவர்களைக் கடைசி வரை தங்கவைத்து வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சேர்ப்பது ஒரு வழி. வீட்டிலேயே வைத்து, நர்ஸையும் தன்னார்வலர்களையும் வரவழைப்பது இன்னொரு வழி.

இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ், மும்பை பாந்த்ராவில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன். பெங்களூரில் கருணாஷ்ரயா இருக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளை இரண்டு இடங்களிலும் இலவசமாகவே பார்க்கிறார்கள். நடு ராத்திரி வலி கூடினால் கூப்பிடும் தூரத்தில் நர்ஸ் இருப்பார். நாற்றமெடுக்கும் புண்ணை முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டுவார்கள். வீட்டில் இதையெல்லாம் ஒரே ஆளாகச் செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஆனால் படுக்கைகள் கொஞ்சம், ஊரும் தூரம். பக்கவாதத்தில் வருடக்கணக்காகப் படுத்திருப்பவருக்கு அங்கே இடமில்லை.

கேரளம் வேறு பாதையில் போனது. 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த சில வருடங்களில் அந்த வேலை மலப்புறத்துத் தெருக்களுக்கு வந்தது. வாரம் 2 மணி நேரம் ஒதுக்க முடிந்தவர் யாராக இருந்தாலும் பயிற்சி கொடுத்தார்கள். நர்ஸ் புண்ணைப் பார்ப்பார். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பது அக்கம்பக்கத்தவர் பொறுப்பு. 2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே ஏற்று, பஞ்சாயத்துகளிடம் பொறுப்பைக் கொடுத்தது.

தமிழ்நாட்டில் 2021 முதல் அரசின் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில், வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது. பெரிய காரியம்தான். ஆனால் நர்ஸ் வருகிற அளவுக்குத் தெரு திரண்டு வரவில்லை என்பது என் ஆதங்கம்.

வீட்டு வழியின் பலவீனம் ராத்திரிதான். நர்ஸ் வந்து போன பிறகு மீதி நேரமெல்லாம் பெரும்பாலும் ஒரு மனைவியோ மருமகளோதான் சுமக்கிறார். கடும் வலிக்கான மார்ஃபின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், அதனால் வரும் மலச்சிக்கலுக்கும் சேர்த்து மருந்து தர வேண்டும், படுக்கைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஆள்தான் என்றாலோ வலி கட்டுக்கு அடங்காவிட்டாலோ, கூசாமல் ஹாஸ்பிஸைத் தேடுங்கள். பெற்றவரைக் கைவிட்டதாக ஊர் பேசினால் பேசட்டும்.

மற்றபடி என் ஓட்டு வீட்டுக்குத்தான். காரணம், இறப்புக்குப் பிறகு வரும் நாட்கள். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா போனபோது பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள். அப்புறம் ஒருவரும் இல்லை. பெரியம்மா மட்டும் ராத்திரி 2 மணிக்கு எழுந்து, அவரைப் புரட்டிப் படுக்க வைக்கக் கட்டிலருகே போய் நிற்பார். பகலில் சொல்லவும் மாட்டார். தூரத்து ஹாஸ்பிஸிலிருந்து எத்தனை அன்போடு போன் செய்து விசாரித்தாலும், "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இருபதாவது நாள் போல, ஏர் பெட்டைத் திரும்ப வாங்கிப்போக அடுத்த தெரு தன்னார்வலர் அக்கா வந்தார். காற்றை இறக்கி மடித்துக்கொண்டே, "ராத்திரி தூக்கம் வருதாங்க?" என்று கேட்டார். பெரியம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். அக்கா மெத்தையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மறு வாரமும் வந்தார், எடுத்துப்போக எதுவும் இல்லாதபோதும்.